இரண்டு படகும் ஒரு வாக்கரும்

செப்டம்பர் கடைசி வாரத்தில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குப் போகிறவர்கள் ஒரு வேடிக்கையான காட்சியைப் பார்க்கலாம். ஏரிக்கரை வீடுகளின் முன்னால் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மரத் துறைகளை, ரப்பர் உடுப்பு போட்ட ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று துண்டு துண்டாகக் கழற்றிக் கரையேற்றிக்கொண்டிருப்பார்கள். கோடை முழுக்கப் பிள்ளைகள் ஓடிக் குதித்த துறைகள் அவை. அப்படியே விட்டுவிட்டால் குளிர்காலத்தில் ஏரி உறைந்து, பனிக்கட்டி விரிந்து நகரும்போது இரும்புக் கால்களையே வளைத்துவிடும். அதனால் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் கழற்றுவது, ஒவ்வொரு வசந்தத்திலும் மாட்டுவது.

அதே வாரத்தில் சாலையோரங்களில் இன்னொரு காட்சி. வீட்டு வாசல்களில் டிரெய்லர் மேல் நிற்கும் படகுகள். அவற்றின் கைப்பிடியில் தொங்கும் 'விற்பனைக்கு' அட்டைகள். குளிர்காலம் முழுக்கப் படகை மூடி வைக்க இடம் வேண்டும், செலவும் உண்டு. அதற்கு முன் தள்ளிவிட்டால் நிம்மதி என்று நினைப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள். வாங்குகிறவர்களுக்கு அதுதான் சமயம்.

மினசோட்டா கார்களின் நம்பர் பிளேட்டிலேயே '10,000 ஏரிகள்' என்று எழுதியிருக்கும். அது தன்னடக்கம். 10 ஏக்கருக்கு மேல் பரப்புள்ள ஏரிகள் மட்டும் 11,842 என்பது அந்த மாநில அரசின் கணக்கு. நம் ஊரில் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நிற்பது போல அங்கே படகு நிற்கும். அதில் குடும்பங்கள் அதிகம் விரும்புவது பான்டூன் படகு.

பான்டூன் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. இரண்டு நீளமான அலுமினியக் குழாய்கள். காற்று அடைபட்டு மிதப்பவை. அவற்றின் மேல் தட்டையான ஒரு தளம். சுற்றிலும் வேலி, உள்ளே சோபா, மேலே துணிக்கூரை, பின்னால் ஒரு மோட்டார். ஒரு வீட்டுத் திண்ணையைப் பெயர்த்துத் தண்ணீரில் விட்ட மாதிரி இருக்கும். காலி பீப்பாய்களின் மேல் பலகை அடித்துக் கோயில் குளத்தில் தெப்பம் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகவே தோன்றாது. உண்மையில் இதுவும் அப்படித்தான் பிறந்தது. 1951-ல் மினசோட்டாவின் ரிச்மண்ட் என்ற சின்ன ஊரில் ஆம்ப்ரோஸ் வீரெஸ் என்ற விவசாயி, இரும்பு பீப்பாய்களை வரிசையாகப் பற்றவைத்து, இரண்டு வரிசைகளின் மேல் மரத்தளம் போட்டு, பக்கத்திலிருந்த ஹார்ஸ்ஷூ ஏரியில் இறக்கினார். சாதாரணப் படகைவிட ஆடாமல் நிற்கும் என்பது அவருடைய கணக்கு. கணக்கு சரியாக இருந்தது. அடுத்த ஆண்டே அதைத் தொழிலாக்கி, படகுக்கு 'தி எம்ப்ரஸ்' என்று பெயரும் வைத்தார். மகாராணி! பீப்பாய் தெப்பத்துக்கு இப்படி ஒரு பெயர் வைக்கவும் ஒரு தைரியம் வேண்டும்.

அந்த ரிச்மண்டிலிருந்து காரில் அரை மணி நேரத் தூரத்தில் செயின்ட் கிளவுட் நகரம். கிரானைட் கல்லுக்குப் பேர்போன ஊர். அங்கே கல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா, அவருடைய மகள், மருமகன், 14 வயதுப் பேத்தி, 7 வயதுப் பேரன் என்று ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று இரண்டு பழைய படகுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது.

தாத்தாவிடம் முன்பு ஒரு சின்ன மீன்பிடிப் படகு இருந்தது. பேத்திக்குத் தூண்டில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அதில்தான். போன குளிர்காலத்தில் வந்த பக்கவாதம் அவருடைய இடது காலை இழுத்துவிட்டது. வாக்கர் பிடித்து நடக்கிறார். சின்னப் படகில் ஏற வேண்டுமானால் கரையிலிருந்து கீழே கால் வைத்து, அது ஆடும்போது உடம்பைச் சமாளிக்க வேண்டும். இனி அது நடக்காது. அந்தக் கோடை முழுக்க அவர் ஏரியைக் காருக்குள் உட்கார்ந்துதான் பார்த்தார். "இந்தப் பக்கம் நிழல் நல்லாத்தான் இருக்கு" என்பார். மகளுக்கு அந்தப் பேச்சைக் கேட்கச் சகிக்கவில்லை. அடுத்த கோடைக்குள் ஒரு பான்டூன் வாங்கிவிட வேண்டும் என்று அவள் முடிவு செய்தது அப்படித்தான்.

முதல் படகு பக்கத்து ஊரில் ஒரு இளைஞரின் வீட்டு வாசலில் இருந்தது. 2014 மாடல். 22 அடி நீளம். அடியில் இரண்டல்ல, மூன்று குழாய்கள். 115 குதிரைத்திறன் மோட்டார். கழுவித் துடைக்க வசதியான வினைல் தளம், பாட்டுப் பெட்டி, இரவில் நீல வெளிச்சம். விலை 23,000 டாலர். பேத்தி ஏறி உட்கார்ந்ததுமே போன் எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாவது குழாய் வெறும் பகட்டு இல்லை. இரண்டு குழாய்ப் படகில் பெரிய மோட்டார் மாட்டினாலும் ஓரளவுக்கு மேல் பயன் கிடைக்காது. அது தண்ணீரை உழுதுகொண்டே போகும். நடுவில் ஒரு குழாய் வந்தால் மிதக்கும் சக்தி கூடும், கூடுதல் எடை தாங்கும், வேகம் எடுக்கும்போது படகு தண்ணீருக்கு மேல் எழும்பும், காற்றடிக்கும் பெரிய ஏரிகளில் அலையைச் சமாளிக்கும். காற்றடைத்த ரப்பர் வளையத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து இழுத்துக்கொண்டு ஓட இந்த மாதிரி படகுதான் சரி. அந்த விளையாட்டுதான் பேத்தியின் கனவு. அவளுடைய சிநேகிதிகள் எல்லாருடைய வீட்டிலும் அது உண்டு.

இளைஞரின் படகு தண்ணீரில் இல்லை. தோட்டத்துக் குழாயை மோட்டாரின் தண்ணீர் வாயில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. அழைத்துப் போயிருந்த மெக்கானிக், சிலிண்டர்களின் அழுத்தத்தை ஒவ்வொன்றாக அளந்தார். எல்லாம் பத்து சதவிகித வித்தியாசத்துக்குள் இருந்தன. அப்படி இருந்தால் மோட்டாரின் உள்ளே பெரிய தேய்மானம் இல்லை என்று அர்த்தம். அடுத்து, கீழே விசிறி இருக்கும் பகுதியின் கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்த்தார். காபியில் பால் கலந்த நிறத்தில் வந்தது. எங்கோ ஒரு ஸீல் தேய்ந்து தண்ணீர் உள்ளே போகிறது. இளைஞரின் முகம் சிவந்துவிட்டது. "சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார். தெரிந்திருக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். பழைய படகு வாங்கப் போகிறவர்கள் பலர் இந்த ஒரு சொட்டு ஆயிலைப் பார்க்காமலே காசோலை எழுதிவிடுகிறார்கள். தண்ணீர் கலந்த ஆயிலோடு குளிர்காலம் வந்தால், அது உறைந்து விரிந்து உலோகத்தையே பிளந்துவிடும். நேரத்தோடு கண்டுபிடித்தால் ஸீல் மாற்றுகிற வேலைதான். விலையில் கழித்துக்கொள்ளலாம் என்றார் மெக்கானிக். ஆக, அந்தப் படகை ஒதுக்க அது காரணம் இல்லை.

இரண்டாவது படகு ரிச்மண்டிலேயே, ஹார்ஸ்ஷூ ஏரிக்கரையில் ஒரு மூதாட்டியின் வீட்டில். 2004 மாடல், 20 அடி, இரண்டு குழாய், 50 குதிரைத்திறன். தளத்தில் வெயிலில் வெளுத்த பச்சைக் கம்பளம். சோபா ஓரத்தில் தையல் விட்டிருந்தது. ஒரு இருக்கையைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே எலி பஞ்சைக் குதறிக் கூடு கட்டியிருந்த அடையாளம். குளிர்காலத்தில் மூடிவைக்கும் படகுகளில் இது சகஜம். விலை டிரெய்லரோடு சேர்த்து 9,500 டாலர். பேத்தி படகில் ஏறவே இல்லை.

மூதாட்டியின் கணவர் அந்த வசந்தத்தில்தான் காலமாகியிருந்தார். அவர் வைத்திருந்த ஒரு குறிப்பேட்டை அவர் எடுத்து வந்து மகளிடம் கொடுத்தார். ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு பதிவு. பெட்ரோலில் மருந்து ஊற்றியது, கியர் ஆயில் மாற்றியது, தண்ணீர் இறைக்கும் ரப்பர் விசிறி எந்த வருஷம் புதிதாகப் போட்டது, எல்லாம் பென்சிலில். கூடவே ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதிரி ஒரு வரி: 'இடது குழாய், ஒரு கப் தண்ணீர்.' அந்தப் படகின் குழாய்களில் பின்முனையில் ஒரு திருகு மூடி உண்டு. குளிருக்கு முன் அதைத் திறந்து வடிப்பார் போலிருக்கிறது. கடைசி வருஷத்தில் மட்டும் 'இரண்டு கப்'.

"அவர் எழுதினது எல்லாம் உண்மை. எழுதாமல் விட்டதும் ஏதாவது இருக்கலாம். நீங்களே நல்லாப் பார்த்துக்கோங்க" என்றார் மூதாட்டி.

பார்த்தார்கள். முதலில் கரையில் தள்ளி நின்று, மிதக்கும் படகைப் பின்பக்கத்திலிருந்து கவனிக்கச் சொன்னார் மெக்கானிக். ஒரு குழாயில் தண்ணீர் நிறைய புகுந்திருந்தால் படகு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். இது நேராகத்தான் நின்றது. குழாய்களுக்கு உள்ளே தடுப்புகள் போட்டு அறை அறையாகப் பிரித்திருப்பதால் ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தாலும் மொத்தமும் மூழ்காது. பிறகு படகைத் தூக்கியில் ஏற்றி, பற்றவைத்த இடங்களைத் தடவிப் பார்த்து, விரல் முட்டியால் தட்டிக் கேட்டார்கள். காலிப் பானை சத்தம். வெயிலும் குளிருமாக மாறி மாறி வருவதால் குழாய்க்குள் அடைபட்ட காற்றிலிருந்தே ஈரம் சேரும். ஒரு கப், இரண்டு கப் அதனாலும் வரும். ஓட்டை என்றால் வாளிக்கணக்கில் வரும்.

உண்மையான குறையைக் கண்டுபிடித்தது பேரன். செருப்பைக் கழற்றிவிட்டுத் தளத்தில் ஓடிக்கொண்டிருந்தவன் பின்மூலையில் நின்று, "இங்க மெத்தை மாதிரி இருக்கு!" என்று குதித்தான். கம்பளத்தைத் தூக்கினால் அடியில் ஒட்டுப்பலகை கறுத்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஊறிப்போயிருந்தது. பழைய பான்டூன்களுக்கு வருகிற முதல் வியாதி இதுதான். தளம் முழுக்க மாற்ற வேண்டியிருந்தால் படகின் விலையில் பாதியை அதுவே விழுங்கிவிடும். அதனால் மெக்கானிக் மண்டியிட்டு, குதிகாலாலும் கைப்பிடியாலும் தளம் முழுவதையும் ஒரு மணி நேரம் தட்டினார். கெட்டது அந்த ஒரு பலகை மட்டும். மாற்றும்போது ஒரு எச்சரிக்கையும் சொன்னார்: கறையான் அரிக்காத தாமிர மருந்து ஏற்றிய பலகை கடையில் மலிவாகக் கிடைக்கும், அதைப் போட்டுவிடக் கூடாது, தாமிரம் பட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் வாக்குவாதம். மருமகனுக்கும் உள்ளூரப் பெரிய படகுதான் பிடித்திருந்தது. புதுசு, வேகம், பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை. கடன் வாங்க வேண்டியிருக்கும். ஆனால் அமெரிக்காவில் படகுக் கடன் ஒன்றும் புதுமை இல்லை. பேத்தி அப்பா பக்கம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. தனக்காக என்று யாரும் எதையும் வாங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அது பாராட்டத்தக்க கொள்கை என்றாலும், முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு அதைப் போல இடைஞ்சல் வேறில்லை.

மறுநாள் மகள் இரண்டு காரியம் செய்தாள். வேனின் கையேட்டை எடுத்து, அது எவ்வளவு எடை இழுக்கும் என்று பார்த்தாள். 3,500 பவுண்டு, அதாவது சுமார் 1,600 கிலோ. சின்னப் படகு, மோட்டார், பெட்ரோல், டிரெய்லர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,300 கிலோ வரும். மூன்று குழாய்ப் படகு சுலபமாக 2,000 கிலோவைத் தொட்டுவிடும். அதை வாங்கினால் கூடவே ஒரு லாரி மாதிரி வண்டியும் வாங்க வேண்டும். இவர்களுக்கு ஏரிக்கரையில் வீடு இல்லை. ஒவ்வொரு முறையும் இழுத்துக்கொண்டு போய்ப் பொதுத் துறையில் இறக்க வேண்டியவர்கள். விளம்பர அட்டையில் படகின் விலை மட்டும்தான் இருக்கும், வண்டியின் விலை இருக்காது.

அடுத்து அவள் ஒரு அளவு நாடாவையும் அப்பாவின் வாக்கரையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பான்டூனில் முன்னால் ஒரு கேட், பக்கவாட்டில் ஒரு கேட் இருக்கும். துறையை ஒட்டி நிறுத்தும்போது ஏறுவது பெரும்பாலும் பக்கவாட்டு கேட் வழியாக. புதிய படகின் பக்க கேட் 25 அங்குலம். உள்ளே நுழைந்ததும் வளைந்த சோபாவின் மூலை வழிமறிக்கும். வாக்கரை மடக்கினால்தான் போகும். மடக்கினால் தாத்தா எதைப் பிடித்துக்கொள்வது? பழைய படகின் கேட் 34 அங்குலம். சோபாக்கள் சுவரோரம் ஒதுங்கி, நடுவே வெறும் தரை. துறையும் தளமும் ஒரே மட்டம். மகளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு, தாத்தா நடக்கிற மாதிரியே இடது காலை இழுத்து இழுத்து ஒருமுறை நடந்து பார்த்தாள். கரையில் நின்ற மூதாட்டி, "என் வீட்டுக்காரர் கடைசி வருஷம் சக்கர நாற்காலியிலதான் ஏறினார்" என்றார். அதையும் குறிப்பேட்டில் எழுதியிருக்கவில்லை.

ஊறிய பலகைக்காக விலை குறைந்து 8,300 டாலரில் முடிந்தது. திரும்பும் வழியில் பேத்தி கார் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். அவளுக்கும் நியாயம் உண்டு. 50 குதிரைத்திறனில் தம்பியைப் போன்ற சின்னப் பிள்ளைகளை வளையத்தில் வைத்து மெதுவாக இழுக்கலாம். அவள் கேட்ட வேகம் கிடைக்காது. அவளுடைய பதினான்காவது வயது இன்னொரு முறை வராது. அந்தக் கணக்கை மகள் யாரிடமும் மறைக்கவில்லை. "உனக்கு இதில் நஷ்டம்தான்" என்று நேராகவே சொன்னாள்.

அக்டோபர் முதல் ஞாயிறு, குளிருக்கு முன் ஒரே ஒரு முறை. மேப்பிள் மரங்கள் சிவந்து, கரை முழுக்கத் தீப்பிடித்த மாதிரி இருந்தது. ஹார்ஸ்ஷூ ஏரி தனி ஏரி இல்லை. சாக் ஆறு ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஏரிகளை மணிமாலை போலக் கோத்துக்கொண்டு, ரிச்மண்டிலிருந்து கோல்ட் ஸ்பிரிங் ஊரின் அணைவரை போகிறது. ஏரிகளுக்கு இடையே குறுகலான வாய்க்கால்கள். அங்கே அலை எழும்பாமல் ஊர்ந்துதான் போக வேண்டும். 115 குதிரை இருந்தாலும் அங்கே அவை நடைதான் நடக்கும்.

போர்வை, பிளாஸ்க், சாண்ட்விச். பேரனுக்கு உயிர்காப்பு உடுப்பு. 10 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் படகு ஓடும்போது அதைக் கட்டாயம் போட்டிருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். எல்லோரும் ஏறியதும் கேட்களைத் தாழ்ப்பாள் போட்டார் மருமகன். பான்டூனில் நடக்கும் கோர விபத்துகளில் ஒன்று, வேலிக்கு முன்னால் காலைத் தொங்கவிட்டு உட்காருபவர்கள் தவறி விழுவது. விழுந்தவர் இரண்டு குழாய்களுக்கும் நடுவே போய் நேராக மோட்டார் விசிறியில் சிக்குவார். பின்பக்க ஏணியருகே மோட்டார் புகையும் ஆபத்து. அதனால் மோட்டார் ஓடும்போது அங்கே யாரும் உட்காரக் கூடாது என்றும் ஒரு உத்தரவு.

தாத்தா வாக்கரோடு நடந்து வந்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். மருமகன் சாவியைப் போடப் போனபோது கையைத் தூக்கித் தடுத்தார்.

"அவ ஓட்டட்டும்."

அந்த மாநிலத்தில் அவள் வயதில் இருப்பவர்கள் இந்த அளவு மோட்டாரை ஓட்ட, பாடம் படித்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லையென்றால், 21 வயது நிரம்பிய ஒருவர் ஸ்டியரிங்குக்குக் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தாத்தாவின் வலது கை நன்றாகவே எட்டியது. "நான் எதுக்கு உட்கார்ந்திருக்கேன்? சட்டத்துக்குத்தான்" என்றார்.

பேத்தி முதலில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வாய்க்கால் முனையில் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளியது. வேலியும் கூரையும் பாய் போலக் காற்றைப் பிடிப்பதால் பான்டூன் அப்படித்தான் நழுவும். "காத்து வர்ற பக்கமாவே கொஞ்சம் திருப்பி வை… அவ்வளவு வேணாம்… ஆங்." பாலத்துக்கு அடியில் குனியத் தேவையில்லாத இடத்திலும் எல்லோரும் குனிந்தார்கள். துறையைக் கழற்றிக்கொண்டிருந்த ஒருவர் தண்ணீரில் நின்றபடியே கை காட்டினார். அடுத்த ஏரி திறந்ததும் பேத்தி தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கட்டை விரலை முன்னோக்கி ஆட்டினார். 50 குதிரையும் ஓடின.

சாயங்காலம் பொதுத் துறையில் படகை டிரெய்லரில் ஏற்றி, ஒட்டியிருந்த பாசியையெல்லாம் கையால் பிய்த்தெடுத்தார்கள். ஒரு ஏரியின் களையும் சிப்பியும் இன்னொரு ஏரிக்குத் தொற்றக் கூடாது என்பதால், தண்ணீரை வடிக்காமல் படகைச் சாலையில் இழுத்துப் போவது அங்கே குற்றம். பேரன் இடது குழாயின் மூடியைத் திருகித் திறந்து, தன் ஜூஸ் குடித்த கப்பை நீட்டினான். பேத்தி குறிப்பேட்டில் எழுதினாள்: 'இடது குழாய், ஒன்றரை கப்.'

பழைய கப் எந்த அளவு என்று அந்தக் குறிப்பேட்டில் எங்கும் இல்லை.